மேற்குக் கதவு சென்சார்

ரெஜான்: பன்னெண்டு மில்லி ஆம்ப் கரன்ட் கொடுத்திருக்கேன். கண்ட்ரோல் ரூம்ல என்ன வருது?

லொரெய்ன்: ஐம்பது. ஸ்கிரீன்ல பம்ப் அழுத்தம், ஐம்பது சதவீதம்.

ரெஜான்: ஐம்பது. இப்போ இருபது.

லொரெய்ன்: நூறு... ஏன்டா, குரல் நடுங்குது? வெளியே அவ்வளவு குளிரா?

ரெஜான்: நம்பர் மட்டும் சொல்லு, லொரெய்ன்.

லொரெய்ன்: சொன்னேனே. நூறு.

ரெஜான்: நூறு. சரி. அடுத்த சேனல்.

லொரெய்ன்: காகிதக் கூழ்த் தொட்டி மட்டம். தெற்குச் சுவர்ப் பெட்டி. அங்கே படிக்கட்டுல ஐஸ் இருக்கும், பார்த்து...

ரெஜான்: தெரியும்.

லொரெய்ன்: தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்றது வழக்கம், சொன்னேன்.

ரெஜான்: ...

லொரெய்ன்: ரேடியோ கேக்குதா?

ரெஜான்: கேக்குது. நடந்துக்கிட்டிருக்கேன்.

லொரெய்ன்: முன்னெல்லாம் நடக்கற நேரத்துல வாய் ஓயாது உனக்கு. 'மகாராணி, நாற்காலி சூடா இருக்கா, கால் பிடிச்சு விட ஆள் அனுப்பட்டுமா'ன்னு கேப்பே.

ரெஜான்: முன்னெல்லாம் என் மச்சான் வெண்டல் உயிரோட இருந்தான். பெட்டியைத் திறந்துட்டேன். வயரைக் கழட்டிட்டேன். நாலு மில்லி.

லொரெய்ன்: பூஜ்யம்.

ரெஜான்: பன்னெண்டு.

லொரெய்ன்: ஐம்பது. தொட்டி பாதி நிறைஞ்ச மாதிரி காட்டுது. நல்லா இருக்கு.

ரெஜான்: இருபது.

லொரெய்ன்: நூறு. அலாரமும் வந்துச்சு. ஆஃப் பண்ணிட்டேன்.

ரெஜான்: நூறு. மாட்டறேன்... சனியன், இந்த ஸ்க்ரூ வேற விரலுக்குள்ள நிக்க மாட்டேங்குது.

லொரெய்ன்: கையுறையைப் போட்டுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நில்லு. ஒண்ணும் ஓடிப் போகாது.

ரெஜான்: ஓடிப் போகும். நாளைக்கு விசாரணைக்காரங்க வர்றதுக்குள்ள எல்லாச் சேனலும் முடிஞ்சிருக்கணும்னு உத்தரவு. பேனல் பழைய பேனலா இருந்திருந்தா இவ்வளவு கூத்தே வேண்டாம்.

லொரெய்ன்: பழைய பேனல்தான் கேஸ் கசிஞ்ச அன்னிக்குத் தீயணைப்புத் தண்ணியில நனைஞ்சு போச்சே.

ரெஜான்: ஆமா. கூடவே பதிவும் போச்சு. எந்த சென்சார் எப்போ கத்துச்சுன்னு பார்க்க ஒண்ணும் மிச்சமில்ல. நீ சொல்றதுதான் கணக்கு.

லொரெய்ன்: நான் சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு, ரெஜான்.

ரெஜான்: சொல்லியாச்சு. 'ஸ்கிரீனை மாத்திப் பார்த்துட்டேன், மேற்குன்னு வந்ததைக் கிழக்குன்னு நினைச்சுட்டேன்.' ஊரே மனப்பாடமா வெச்சிருக்கு. காபிக் கடையில எதிரொலிக்குது.

லொரெய்ன்: காபிக் கடைக்கு நான் போறதில்ல.

ரெஜான்: தெரியும்.

லொரெய்ன்: கர்லிங் டீம்ல என் பேரை எடுத்துட்டாங்க, அதுவும் தெரியுமா? பதினோரு வருஷமா அந்த ஐஸ் ஆட்டத்துல நான்தான் கடைசிக் கல்லைத் தள்ளறவ. கேட்டா, 'உனக்கு ஓய்வு தேவைப்படும்'னு சிரிக்கிறாங்க.

ரெஜான்: உனக்காக வருத்தப்பட நான் வரல.

லொரெய்ன்: கேக்கவும் இல்லடா. அடுத்த பெட்டிக்கு நட.

ரெஜான்: ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு அவங்களும் கேப்பாங்க, அதுக்கு முன்னாடி நான் கேக்கறேன். வெண்டலை மேற்குக் கதவு வழியா வெளியே போன்னு சொன்னே. கசிஞ்ச விஷ கேஸ் மேற்குலதான் இருந்துச்சு. சரி, மாத்திப் பார்த்துட்டே. மனுஷத் தப்பு. ஆனா மாடியில இருந்த நாலு பேருக்கும் முதல்ல மேற்குன்னு சொல்லிட்டு, உடனே 'வேண்டாம், வேண்டாம், கிழக்கால வாங்க'ன்னு கத்தினியாமே? அவங்க நாலு பேரும் நல்லா இருக்காங்க. அந்த நேரத்துல உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

லொரெய்ன்: ...திரும்பவும் பார்த்தேன். ஸ்கிரீனை.

ரெஜான்: திரும்பப் பார்த்ததும் சரியாத் தெரிஞ்சுதா?

லொரெய்ன்: ஆமா.

ரெஜான்: உடனே வெண்டலைக் கூப்பிட்டியா?

லொரெய்ன்: கூப்பிட்டேன்.

ரெஜான்: பதில்?

லொரெய்ன்: ரெஜான், விடு...

ரெஜான்: என் தங்கச்சி ராத்திரி தூங்கறதில்ல, லொரெய்ன். சோத்துக்கு உட்கார்ந்தா பசங்க ரெண்டும் அவ முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கு. நீ கொண்டுவந்து வெச்ச பீன்ஸ் பாத்திரத்தைத் தொடக்கூட இல்ல. அப்படியே குப்பையில கொட்டினா. நான் கழுவி வெச்சிருக்கேன். கொண்டுவர மனசு வரல.

லொரெய்ன்: பாத்திரம் போனா போகுது. நொயெல்லா சாப்பிடறாளா?

ரெஜான்: அதைக் கேக்க உனக்கு என்ன உரிமை இருக்கு?

லொரெய்ன்: ...ஒரு உரிமையும் இல்ல. அடுத்தது என்ன, சொல்லு.

ரெஜான்: வெளுப்புக் கூடத்து கேஸ் சென்சார் ரெண்டும். மேற்குக் கதவு, கிழக்குக் கதவு.

லொரெய்ன்: அதை நாளைக்கு வெச்சுக்கலாமே.

ரெஜான்: ஏன்?

லொரெய்ன்: இருட்டிக்கிட்டு வருது... நீ வேற காலையில இருந்து நிக்கறே.

ரெஜான்: மணி ரெண்டுதான் ஆகுது. பயமா இருக்கா? எனக்கும்தான் இருக்கு. மச்சான் விழுந்த இடத்துல இன்னும் சுண்ணாம்புக் கோடு அழியல. நான் நிக்கறேன்ல, நீ நாற்காலியில உட்கார்ந்து பாரு.

லொரெய்ன்: சரி. பெட்டியிலேயே கரன்ட் கொடு, போதும். மேல இருக்கற சென்சாருக்கு ஏணியில ஏறாதே.

ரெஜான்: பெட்டியில இருந்துதான் கொடுப்பேன். குளிர்காலத்துல எவன் ஏறினான்? மச்சானும் பெட்டியோட நிறுத்திக்குவான். நீதான் எப்பவும், 'சென்சார் மூஞ்சியில கேஸைக் காட்டினியா, ஏறினியா'ன்னு உயிரை எடுப்பே. இன்னிக்கு நீயே ஏறாதேங்கறே?

லொரெய்ன்: ஏணியில ஐஸ் இருக்குமேன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல.

ரெஜான்: பெட்டியைத் திறந்துட்டேன். 'மேற்கு'ன்னு போட்டிருக்கற முனை. வயரைக் கழட்டியாச்சு. நாலு.

லொரெய்ன்: பூஜ்யம். மேற்கு, பூஜ்யம்.

ரெஜான்: பன்னெண்டு.

லொரெய்ன்: ...

ரெஜான்: லொரெய்ன். பன்னெண்டு கொடுத்திருக்கேன்.

லொரெய்ன்: ஐம்பது. மேற்கு, ஐம்பது.

ரெஜான்: மேற்கா?

லொரெய்ன்: மேற்கு.

ரெஜான்: இன்னொரு தடவை ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்லு.

லொரெய்ன்: மேற்குதான்டா. அடுத்ததுக்குப் போ.

ரெஜான்: அப்போ ஏன் கிழக்குக் கதவு மேல விளக்கு சுத்துது?

லொரெய்ன்: ...விளக்கா? விளக்குக்குப் போற சேனல் எல்லாம் கடைசியிலதானே மாட்டறதா இருந்துது?

ரெஜான்: காலையிலேயே மாட்டிட்டேன். வேலை மிச்சமாகட்டும்னு. இதோ, கூடத்தோட அந்தக் கோடியில சிவப்பா சுத்திக்கிட்டிருக்கு. என் தலைக்கு மேல இருக்கற மேற்கு விளக்கு செத்துக் கிடக்கு. பேனல் இதைக் கிழக்குன்னு எடுத்துக்குது. உன் ஸ்கிரீன்லயும் கிழக்குன்னுதான் வரும். பொய் சொல்றே.

லொரெய்ன்: ரெஜான்...

ரெஜான்: இந்தச் சேனல் எல்லாத்தையும் பேனல்ல ஏத்தினது யாரு? நீதானே? கம்பெனி ஆள் பனியில மாட்டிக்கிட்டான், நானே ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பண்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டே. எந்த வயர் எந்தப் பேர்ல வரணும்னு நீதான் போட்டே. மேற்கைக் கிழக்காவும் கிழக்கை மேற்காவும் போட்டு வெச்சிருக்கே! அதே தப்பு! ஒரு ஆளைக் கொன்னது பத்தாதா?

லொரெய்ன்: கத்தாதே.

ரெஜான்: கத்துவேன்! உனக்குக் கண்ணு தெரியலையா, புத்தி பிசகிடுச்சா? இன்னிக்கு மட்டும் நான் விளக்கை மாட்டாம இருந்திருந்தா, ஐம்பதுன்னு நீ சொல்ல, சரின்னு நான் போயிருப்பேன். அடுத்த தடவை கேஸ் வந்தா இன்னொருத்தன் செத்திருப்பான்.

லொரெய்ன்: சாக மாட்டான்.

ரெஜான்: என்னது?

லொரெய்ன்: ஒண்ணுமில்ல.

ரெஜான்: நான் ஃபோர்மனைக் கூப்பிடறேன். ரெண்டு சேனல் பேரையும் இப்பவே நேரா மாத்தச் சொல்றேன். உன்னையும் அந்த நாற்காலியில இருந்து எழுப்பச் சொல்றேன்.

லொரெய்ன்: வேண்டாம்! ரெஜான், அதை மாத்தாதே! உன் காலைப் பிடிக்கிறேன், அந்த ரெண்டையும் தொட விடாதே!

ரெஜான்: ஏன்?

லொரெய்ன்: மாத்தினாத்தான் ஆள் சாவான்.

ரெஜான்: என்ன உளர்றே?

லொரெய்ன்: ...உளறல. கழட்டின வயரைத் திரும்ப மாட்டு. டெஸ்ட் பண்ற கேஸ் குப்பியும் கிண்ணமும் கையில இருக்கா?

ரெஜான்: வண்டியில இருக்கு.

லொரெய்ன்: எடுத்துக்கிட்டு ஏணியில ஏறு. சென்சார் மூஞ்சியில கிண்ணத்தை வெச்சு, கொஞ்சம் கேஸ் விடு. நான் ஒண்ணும் படிக்க மாட்டேன். நீ விளக்கை மட்டும் பாரு.

ரெஜான்: இதுல என்ன...

லொரெய்ன்: ஏறுடா. அப்புறம் யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக்கோ. மெதுவா ஏறு, நாலாவது படி ஆடும்.

ரெஜான்: ...ஏறிட்டேன். மேற்கு சென்சார், என் மூக்குக்கு நேரா இருக்கு. கிண்ணத்தை வெச்சுட்டேன். விடறேன். இன்னும் ஒண்ணும்... இரு. இரு... விளக்கு. என் தலைக்கு மேலயே. மேற்கு விளக்குதான் சுத்துது.

லொரெய்ன்: கிழக்கு?

ரெஜான்: அணைஞ்சு கிடக்கு... லொரெய்ன், இது எப்படி?

லொரெய்ன்: கீழ இறங்கு முதல்ல. இறங்கிட்டுப் பேசு.

ரெஜான்: இறங்கிட்டேன். பெட்டியில கொடுத்தா கிழக்கு. மூஞ்சியில காட்டினா மேற்கு. அப்படின்னா... மேல சென்சார்ல இருந்து பெட்டிக்கு வர்ற வயர் மாறிப் போயிருக்கு. மேற்கு சென்சார் வயரு கிழக்கு முனையில உட்கார்ந்திருக்கு.

லொரெய்ன்: ஆமா.

ரெஜான்: அதுக்கு ஏத்த மாதிரி நீ பேனல்ல பேரை மாத்திப் போட்டிருக்கே. வேணும்னே.

லொரெய்ன்: ஆமா. இப்போ எந்தக் கதவுல கேஸ் வந்தாலும் அந்தக் கதவுதான் கத்தும். வயரைத் தொடாம வேற வழி தெரியல எனக்கு.

ரெஜான்: பழைய பேனல்ல அப்படி மாத்தி வெச்சிருக்கல.

லொரெய்ன்: இல்ல.

ரெஜான்: அப்போ அன்னிக்கு மேற்குல கேஸ் வந்தப்போ, உன் ஸ்கிரீன்ல...

லொரெய்ன்: கிழக்குன்னு வந்துச்சு.

ரெஜான்: கிழக்குன்னு வந்துச்சு. அதான் மேற்கால போன்னு சொன்னே... நீ மாத்திப் பார்க்கவே இல்ல. நீ சரியாத்தான் பார்த்திருக்கே! சரியாத்தான் சொல்லியிருக்கே! ஐயோ, லொரெய்ன்... ஆறு வாரமா இந்த ஊர்ல ஒருத்தன் உன் மூஞ்சியைப் பார்க்கல.

லொரெய்ன்: சரி, சரி. பெட்டியை மூடு.

ரெஜான்: மூட மாட்டேன். யாரு குத்தினது இந்த வயரை? டார்ச் அடிக்கறேன், இரு. வயர்ல எண் வளையம் இருக்கு. கையால எழுதினது... ஏழு. ஏழுக்கு நடுவுல குறுக்கே ஒரு கோடு.

லொரெய்ன்: மூடிடு, ரெஜான்.

ரெஜான்: எங்க ஆளுங்கள்ல ஏழுக்குக் குறுக்கே கோடு போடறவன் ஒருத்தன்தான்.

லொரெய்ன்: தெரியும்.

ரெஜான்: கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ரெண்டு சென்சாரையும் புதுசா மாத்தினான். மைனஸ் முப்பத்தஞ்சு அன்னிக்கு. வீட்டுக்கு வந்து சூப்பு குடிக்கறப்போ கரண்டியைப் பிடிக்க முடியல, நொயெல்லாதான் கையைத் தேய்ச்சு விட்டா... பெட்டியோட செக் பண்ணிட்டு வந்திருக்கான். ஏறிப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

லொரெய்ன்: எல்லாரும்தான்டா ஏறல. நீயே சொன்னே. அவன் மேல மட்டும் போடாதே.

ரெஜான்: மச்சானே... உன் கையாலேயே குத்திட்டுப் போனியே...

லொரெய்ன்: அழுதுடு. இந்த லைன்ல நாம ரெண்டு பேர்தான். யாருக்கும் கேக்காது. நான் இருக்கேன். அவசரமில்ல.

ரெஜான்: நான் ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு இந்த வேலைக்கு என்னைப் போடல. நானே கேட்டு வாங்கினேன். நாள் பூரா உன்கூடப் பேசினா எங்கேயாவது உளறுவே, ஏதாவது ஒரு சேனலை மாத்திப் படிப்பே, அதை நாளைக்குப் போய்ச் சொல்லி உன்னை உள்ளே தள்ளலாம்னுதான் வந்தேன்.

லொரெய்ன்: அது தெரியாமலா? வருஷத்துல ஒருநாளும் நீ குளிர்ல வேலை கேட்டு வாங்கினது கிடையாது.

ரெஜான்: மன்னிச்சுடு.

லொரெய்ன்: விடுடா. நான் ஒரு வேலை சொல்றேன், கேளு. பெட்டியில ரெண்டு வயரையும் நேரா மாத்திக் குத்து. நான் இங்கே பேரை நேரா மாத்தறேன். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல. திரும்ப ஏறி ஒருதடவை பார்த்துட்டா எல்லாம் சுத்தம். நாளைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

ரெஜான்: நீ நாளைக்குப் போய், 'நான்தான் மாத்திப் பார்த்தேன்'னு கையெழுத்துப் போடுவே.

லொரெய்ன்: போடுவேன்.

ரெஜான்: வேலை போகும். ஜெயில்னுகூடப் பேசிக்கறாங்க.

லொரெய்ன்: எனக்கு யாரு இருக்கா? பூனை ஒண்ணு. அதை உன் தலையில கட்டிட்டுப் போறேன். அந்தப் பசங்க ரெண்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், ரெஜான். 'உங்கப்பன் மாத்திக் குத்தினான், அவனே செத்தான்'னு எவனாவது சொல்லுவான். இப்போ உங்கப்பனைக் கொன்னது லொரெய்ன்னு சொல்றாங்க. அது பரவாயில்ல. என்னைத் திட்டிட்டு அவங்க தூங்கலாம்.

ரெஜான்: நான் இந்த வயரைத் தொடப்போறதில்ல.

லொரெய்ன்: ரெஜான்!

ரெஜான்: பெட்டியில 'தொடாதே'ன்னு சிவப்பு அட்டை கட்டிட்டேன். இதோ, முடிச்சுப் போட்டுட்டேன். நாளைக்கு அவங்களே வந்து பார்க்கட்டும். நான் பக்கத்துல நின்னு விளக்கைக் காட்டறேன். நொயெல்லாகிட்ட இன்னிக்குச் சாயந்திரம் நானே சொல்றேன். அவ என் தங்கச்சி. புருஷன் கை மரத்துப்போய் வயரை மாத்திட்டான்னா அவ தாங்குவா. உன் பாத்திரத்தைக் குப்பையில கொட்டினேனேன்னுதான் துடிச்சுப்போவா.

லொரெய்ன்: நீ நினைக்கற மாதிரி இல்லடா. வயர் விஷயம் தெரிஞ்சா அதோட நிக்காது. அடுத்த கேள்வி கேப்பாங்க.

ரெஜான்: என்ன கேள்வி? இரு... ஆமா. நீ இந்த ஏணியில ஏறவே இல்ல. இந்தப் பெட்டியைத் திறக்கவே இல்ல, அன்னில இருந்து பூட்டுப் போட்டிருக்கு. வயர் மாறியிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

லொரெய்ன்: யோசிச்சுப் பார்த்தேன்...

ரெஜான்: யோசிக்கல. அன்னிக்கே தெரியும் உனக்கு. அதனாலதான் மாடியில இருந்தவங்களைத் திருப்பினே. ஸ்கிரீன் உனக்குச் சொல்லல, அது கடைசி வரைக்கும் கிழக்குன்னுதான் காட்டியிருக்கும். யாரோ சொல்லியிருக்காங்க.

லொரெய்ன்: ரெஜான், கெஞ்சிக் கேக்கறேன்.

ரெஜான்: வெண்டலா? வெண்டல் உன்கூடப் பேசினானா? அது எப்படிப் பேசியிருக்க முடியும்? பெல்ட்ல முகமூடி இருந்துச்சே. கேஸ் வாசம் வந்தா வாயில கடிச்சுக்கிட்டு, மூக்கை அடைச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம வெளியே நடக்கணும். புதுசா வர்ற ஆளுக்குக்கூட அதை அவன்தான் கத்துக்கொடுப்பான். ஆனா உடம்பை எடுக்கறப்போ முகமூடி கழுத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சாம். கடிச்ச பல் தடம் அதுல இருந்துச்சாம். 'போட்டவர் ஏன் கழட்டினார், ஏன் கழட்டினார்'னு நொயெல்லா தினம் கேக்கறா. என்கிட்ட பதில் இல்ல. உன்கிட்ட இருக்கா?

லொரெய்ன்: கடிச்சுக்கிட்டு ரேடியோவுல பேச முடியாதேடா... போட்டுக்கிட்டுத்தான் கதவு வரைக்கும் வந்திருக்கான். இன்னும் பத்தடி நடந்திருந்தா வெளிக்காத்து. அங்கேயே நின்னு, கழட்டிட்டு, என்னைக் கூப்பிட்டான். 'கேஸ் இங்கேதான் இருக்கு, வயரை நான் மாத்திக் குத்திட்டேன், மேல இருக்கறவங்களை இந்தப் பக்கம் அனுப்பாதே'ன்னான். இருமல்ல எனக்குச் சரியாக் காதுல விழல, ரெஜான். 'திரும்பச் சொல்லு'ன்னேன். அந்தக் கேஸ்லயே நின்னு அவன் திரும்பவும் சொன்னான்.